பிளவுவாதம் என்ற சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கத்தில் பல காலம் தமிழாசிரியராக இருந்தேன். ஓய்வுபெற்ற பிறகும் பழைய மாணவர்கள் போனில் சொல் கேட்பது நிற்கவில்லை. தேர்தல் நெருங்கினால் கேள்விகள் கூடும். அதிகம் வருவது ‘பிளவுவாதம்’ பற்றித்தான். மேடையிலும் தொலைக்காட்சியிலும் வாட்ஸ்அப்பிலும் தினமும் அடிபடுகிற அந்தச் சொல், உரசி உரசித் தேய்ந்துவிட்டது. தேயவிடக் கூடாத சொல் அது என்று நினைப்பதால், கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

‘பிளவுவாதம்’ என்றால் சுருக்கமாக என்ன பொருள்?

சேர்ந்து வாழும் மக்களை ஒருவர்மேல் ஒருவருக்குப் பகை வரும்படி பேசி, அந்தப் பகையிலிருந்து ஆதாயம் தேடும் அரசியல். ‘சேர்ந்து வாழும்’, ‘பகை’, ‘ஆதாயம்’ ஆகிய மூன்றும் இருந்தால்தான் இந்தச் சொல் பொருந்தும். ஒன்று குறைந்தாலும் வேறு சொல் தேட வேண்டும். தமிழில் அதற்குப் பஞ்சம் இல்லை.

‘பிளவு’ எங்கிருந்து வருகிறது?

‘பிள’ என்ற வினையிலிருந்து. நம் வீட்டு வெற்றிலைத் தட்டில் இருக்கும் பாக்குத் துண்டுக்குப் ‘பாக்குப் பிளவு’ என்று பெயர். முதுகில் கட்டியாக எழும்பிப் பல கண் விட்டு உடையும் நோய்க்கு ‘ராஜபிளவை’ என்று பெயர். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வரும் என்று பெரியவர்கள் அஞ்சுவார்கள்.

வெட்டுவதும் பிளப்பதும் ஒன்றல்ல. வெட்டு எந்தத் திசையிலும் விழும். பிளப்பதற்கு நார் ஓடும் திசை வேண்டும். எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்குக் கொல்லையில் விறகு பிளக்க வருகிறவர் கட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். ரேகை எங்கே ஓடுகிறது, ஏற்கெனவே எங்கே வெடிப்பு விட்டிருக்கிறது என்று பார்த்து, அங்கே ஆப்பை வைத்து அடிப்பார். நாலு அடியில் கட்டை இரண்டாகும். ரேகைக்குக் குறுக்கே அடித்தால் கோடரிதான் மழுங்கும்.

அரசியலில் இந்தச் சொல்லை முதலில் யார் எடுத்தாண்டாரோ, அவர் விறகு பிளப்பதைப் பார்த்தவராக இருக்க வேண்டும். பிளவுவாதி புதிதாகக் கோடு கிழிப்பதில்லை. சாதி, மதம், மொழி, பூர்வீகம் என்று முன்பே ஓடுகிற ரேகையைத் தேடி ஆப்பு வைக்கிறார். ‘எங்களுக்குள் வேறுபாடே இல்லை’ என்று சொல்லி ரேகையை மறைப்பது இதற்குப் பதிலாகாது. மறைத்தாலும் கட்டைக்குள் ரேகை இருக்கும்.

பிரிவினைவாதமும் பிளவுவாதமும் ஒன்றுதானே? செய்தித்தாளில் மாற்றி மாற்றிப் போடுகிறார்களே?

ஒன்றல்ல. பிரிவினைவாதம் என்பது தனி நாடோ தனி ஆட்சிப் பகுதியோ வேண்டும் என்ற கோரிக்கை. அதில் எல்லைக்கோடு இருக்கும், வரைபடம் இருக்கும். பிளவுவாதத்துக்கு வரைபடம் கிடையாது. ஒரே தெருவில், ஒரே குழாயடியில் நிற்கிறவர்களுக்கு நடுவில் அது நடக்கும்.

‘பிரிவினை’ தன்னளவில் கெட்ட சொல்லும் இல்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் தினமும் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகிறது. அதே சொல் 1947-ஐச் சொல்லும்போது ரத்தமும் அகதி ரயிலும் நினைவுக்கு வருகின்றன. 1963-இல் வந்த 16-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், தேர்தலில் நிற்பவர்கள் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது. அது பிரிவினைக் கோரிக்கையை மனத்தில் வைத்து வந்த திருத்தம். திராவிட நாடு கோரிக்கையைத் தி.மு.க. கைவிட்டதும் அந்தக் காலத்தில்தான். இந்த வரலாறு ‘பிரிவினைவாதம்’ என்ற சொல்லோடு சேர்ந்தது. அதைக் கொண்டுவந்து ஒரு வார்டு தேர்தல் சண்டையில் ஒட்டுவது சரியில்லை.

எங்கள் வீடுகளில் கல்யாணமானதும் ‘வேறு வைக்கிறார்கள்’. வெளியூர் மருமகள் ஒருத்தி, ‘இதுவே குடும்பத்தைப் பிளப்பதுதானே’ என்று கேட்கிறாள். என்ன சொல்ல?

எனக்கு வந்த கேள்விகளில் மிகவும் பிடித்தது இது. எழுதி அனுப்பிய ஆச்சிக்கு நன்றி.

படிக்கிறவர்களில் தெரியாதவர்கள் இருப்பார்கள் என்பதால் சொல்கிறேன். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும், புதுத் தம்பதிக்குப் பாத்திரம் பண்டம், அரிசி பருப்பு, ஆண்டுச் செலவுக்கு ஒரு தொகை எல்லாம் கொடுத்துத் தனி அடுப்பு மூட்டச் செய்வார்கள். ‘வேறு வைத்தல்’ என்பது இதுதான். ஆனால் வேறு வீட்டுக்குப் போவதில்லை. வளவு என்னும் நடு முற்றத்தைச் சுற்றி இருக்கும் அறைகளில் அவர்களுக்கென்று ஒதுக்கியதில் இருப்பார்கள். முகப்பு பொது, வளவு பொது, சாமி வீடு பொது. அடுப்பும் கணக்கும் மட்டும் தனி. அன்றிலிருந்து அந்தத் தம்பதி கோயில் கணக்கில் ஒரு ‘புள்ளி’. வரியும் தனி, மரியாதையும் தனி.

மாமியாருக்கும் மருமகளுக்கும் உப்புப் புளி விஷயத்தில் மனக்கசப்பு வருவதற்கு முன்பே, ‘உன் குழம்பை நீ வை’ என்று விட்டுவிடுகிற ஏற்பாடு இது. முன்னோருக்குப் படையலிடும் ‘படைப்பு’ வந்தால் பங்காளிகள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். என் அப்பத்தா சொல்வார்: ‘வேற வச்சாத்தான் ஒண்ணா இருக்கலாம்.’

ஊர் அளவிலும் இதே ஏற்பாடுதான். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில் பிரிவுகள். ஒரு கோயிலார் பங்காளிகள் என்பதால், பொதுவாகப் பெண் எடுக்க இன்னொரு கோயிலைத் தேடிப் போக வேண்டும். அந்தப் பிரிவினால்தான் சம்பந்தம் உண்டாகிறது.

ஆகவே மருமகளுக்கு இப்படிச் சொல்லலாம். வேறு என்பது தனி அடுப்பு. பிரிவு என்பது தனிப் பெயர். அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தம்பி போகாமல் இருந்தால், அது பிளவு.

ஒரு கட்சி இரண்டாக உடைந்தால் பிளவுவாதம் எனலாமா?

பிளவு எனலாம். பிளவுவாதம் என்று சொல்லக் கூடாது.

1949-இல் திராவிடர் கழகத்திலிருந்து தி.மு.க. பிறந்தது பிளவு. 1964-இல் பொதுவுடைமைக் கட்சி இரண்டானதும், 1969-இல் காங்கிரஸ் இரண்டானதும் பிளவுதான். எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24-இல் மறைந்த பிறகு அ.தி.மு.க. ‘ஜா அணி’, ‘ஜெ அணி’ என்று ஆனது. இரட்டை இலையை முடக்கினார்கள். 1989 தேர்தலில் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் ஜெயலலிதா அணி சேவலிலும் நின்றன. அதே ஆண்டில் இரண்டும் சேர்ந்து இலையும் திரும்பி வந்தது. செட்டிநாட்டு ஊர்களிலும் அப்போது ஒரே வீட்டில் புறாவுக்கும் சேவலுக்கும் ஓட்டுக் கேட்டவர்கள் உண்டு. ஆனால் இதெல்லாம் தலைமைக்கான போட்டி. குடிமக்களை ஒருவர்மேல் ஒருவர் ஏவிவிட்ட காரியமில்லை.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். கட்சி விஷயத்தில் ‘பிளவு’ ஒரு காலத்தில் சட்டச் சொல்லாகவே இருந்தது. 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபோது, சட்டமன்றக் கட்சியில் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து பிரிந்தால் அது பிளவு, பதவி போகாது என்று விதி இருந்தது. அந்த வாசலை எல்லோரும் பயன்படுத்தத் தொடங்கியதால் 2003-இல் 91-ஆவது திருத்தம் அதை அடைத்துவிட்டது. இப்போது மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பி இன்னொரு கட்சியோடு இணைந்தால் மட்டுமே விலக்கு.

‘கோஷ்டிப் பூசல்’ என்கிறார்களே, கோஷ்டி என்றாலே சண்டைக் கூட்டமா?

சண்டை பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. கோஷ்டி என்றால் கூடியிருக்கும் அவை. பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் குழுவுக்கு இன்றும் கோஷ்டி என்றுதான் பெயர். நம் பக்கத்திலேயே அதற்கு ஓர் ஊர் சாட்சி நிற்கிறது: திருப்பத்தூரை அடுத்த திருக்கோஷ்டியூர். இரணியனை எப்படி வெல்வது என்று தேவர்களும் முனிவர்களும் கூடிப் பேசிய இடம் என்பது தலபுராணம். கூடியதால் கோஷ்டியூர்.

அதே ஊரில்தான், திருக்கோஷ்டியூர் நம்பியிடம் ரகசியமாகப் பெற்ற மந்திரப் பொருளை ராமானுஜர் கோயில் மேலேறி நின்று எல்லோருக்கும் சொன்னார் என்ற வரலாறும் வழங்குகிறது. சிலருக்கு மட்டும் என்றிருந்ததை ஊருக்கே பொதுவாக்கிய இடம். அந்தப் பெயரைத் தாங்கிய சொல்லைக் கட்சி அலுவலகத்தில் நாற்காலி வீசுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டோமே என்பது எனக்கு உண்மையான வருத்தம். ‘உட்கட்சிப் பூசல்’ என்று எழுதுங்கள், பொருளும் தெளிவாக இருக்கும்.

பழந்தமிழில் இதற்குச் சொல் இருந்ததா?

இருந்தது. திருக்குறளில் ‘நாடு’ அதிகாரத்தில் ‘பல்குழு’ என்று வருகிறது. ‘பல்குழுவும் பாழ்செய்யும் உட்பகையும் வேந்தலைக்கும் கொல்குறும்பும் இல்லது நாடு’ என்பது 735-ஆவது குறள். குழுக்கள் முதலில், அதிலிருந்து உட்பகை, அதன் பிறகு ஆட்சியையே அலைக்கழிக்கும் கொலைகாரக் கும்பல் என்று வரிசையாகவே வைத்திருப்பதாகத்தான் நான் படிக்கிறேன். ‘உட்பகை’க்குத் தனி அதிகாரமே உண்டு. பிளவுவாதத்தின் விளைவைச் சொல்ல இதைவிட நல்ல தமிழ்ச் சொல் எனக்குத் தெரியாது.

‘துருவப்படுத்தல்’ என்று ஒரு சொல் வருகிறது. அதுவும் இதுவா?

துருவப்படுத்தல் நிலையைச் சொல்கிறது, பிளவுவாதம் செயலைச் சொல்கிறது. நடுவில் நிற்க இடமே இல்லாமல் மக்கள் இரண்டு கோடிக்கும் ஒதுங்கிவிட்டால் சமூகம் துருவப்பட்டிருக்கிறது. அப்படி ஒதுங்கும்படி திட்டமிட்டுச் செய்வது பிளவுவாதம்.

இது அறிவியலிலிருந்து வந்த சொல். ஆங்கிலத்தில் ‘polarization’, அறிவியல் தமிழில் ‘முனைவாக்கம்’. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் இது அன்றாடச் சொல். 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, வள்ளல் அழகப்பர் நிலமும் பணமும் கொடுத்து எழும்பிய ஆய்வகம். அங்கே ‘முனைவாக்கம்’ என்றால், மின்னோட்டம் பாயும்போது மின்முனையின் அழுத்தம் அதன் சமநிலையிலிருந்து விலகுவது. வெளியிலிருந்து செலுத்தும் மின்னோட்டத்தால் சமநிலை விலகுகிறது என்ற அந்த விளக்கம், ‘யார் செலுத்துகிறார்கள்’ என்று நம்மையும் கேட்க வைக்கிறது.

‘பிரித்தாளும் சூழ்ச்சி’ வெள்ளைக்காரன் காலத்தோடு முடிந்த சொல்தானே?

சொல் அந்தக் காலத்தில் வேரூன்றியது. அது என்னவென்று பார்க்க நாம் தூரம் போக வேண்டாம்.

1801. சிவகங்கைச் சீமையில் மருது சகோதரர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து நிற்கிறார்கள். அந்த ஆண்டு ஜூனில் சின்ன மருது வெளியிட்ட அறிக்கை, திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்டது. எல்லாச் சாதியாரையும் முஸ்லிம்களையும் பெயர் சொல்லி அழைத்து, சேர்ந்து எதிர்க்கச் சொன்னது. காளையார்கோவில் காட்டுக்குள் கம்பெனிப் படை திணறியது. பீரங்கியால் முடியாததற்கு ஒரு வழி தேடினார்கள். சிவகங்கை அரசுரிமையில் பழைய தகராறு ஒன்று இருந்தது. அதுதான் ரேகை. படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சோழபுரத்தில் சிவகங்கையின் உரிமையாளராகக் கம்பெனி அறிவித்தது. அரச குடும்பத்து விசுவாசத்தால் மருதுவோடு நின்றவர்களில் பலர் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். காளையார்கோவில் விழுந்தது. அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருதிருவரைத் தூக்கிலிட்டார்கள். திருப்பத்தூர் வழியாகப் பிள்ளையார்பட்டிக்குப் போகிறவர்கள் பல நேரம் நினைவு மண்டபத்தைப் பார்க்காமலே பஸ்ஸில் கடந்துவிடுகிறோம்.

மேலிருந்து ஆள்கிறவன் தன் பிடிக்காகச் செய்தால் பிரித்தாளும் சூழ்ச்சி. ஓட்டுக்காகவோ செல்வாக்குக்காகவோ யார் செய்தாலும் பிளவுவாதம். இதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

பட்டிமன்றம்கூட மக்களை இரண்டு அணியாக்கத்தானே செய்கிறது?

அணி பிரிவது வேறு. சின்ன வயதில் சடுகுடுவுக்குக் கன்னை பிரித்தோம், ஆட்டம் முடிந்ததும் ஒரே ஊருணியில் குளித்தோம்.

கம்பன் கழகம் காரைக்குடியில் 1939-இல் சா. கணேசனால் தொடங்கப்பட்டது. அந்த மேடைகளில் காரசாரமாக மோதியவர்கள் கீழே இறங்கி ஒரே பந்தியில் உட்கார்ந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். இதற்கு விதியே இருக்கிறது. மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசறைகிறவன், வாதம் செய்கிறவர்களைப் ‘பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்’ என்கிறான். அடுத்த வரியிலேயே, பகைவரோடு சேர்ந்திருக்க நேர்ந்தாலும் ‘செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்’ என்கிறான். செற்றம் என்றால் மனத்தில் வைத்த கோபம், கலாம் என்றால் சண்டை. வாதத்தை வரவேற்கிறான், கலகத்தை விலக்குகிறான். தொலைக்காட்சி விவாதங்களை நடத்துகிறவர்கள் இந்த இரண்டு வரியை அரங்கச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

சட்டத்தில் ‘பிளவுவாதம்’ குற்றமா?

அந்தப் பெயரில் குற்றம் இல்லை. சட்டம் பேசுவது ‘பகைமை’, ‘வெறுப்பு’. மதம், இனம், சாதி, சமூகம், மொழி அடிப்படையில் குடிமக்களிடையே பகையோ வெறுப்போ வளர்த்து ஓட்டுத் தேடுவது, 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3அ) பிரிவின்படி முறைகேடு. தேர்தலையே செல்லாததாக்கலாம். 125-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. தேர்தல் இல்லாத காலத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 153அ இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவு. நாமும் சட்டத்தைப் போலப் பேசப் பழகலாம். ‘இவர் பிளவுவாதி’ என்பதைவிட ‘இந்தப் பேச்சில் இன்னாருக்கு எதிராக வெறுப்பு இருக்கிறது’ என்றால் எதைச் சொன்னார் என்று காட்டியாக வேண்டும்.

சாதிக் கொடுமையைப் பேசினால் ‘ஊரை ரெண்டாக்குகிறான்’ என்கிறார்கள். அது பிளவுவாதமா?

இல்லை. இந்தச் சொல் மிக மோசமாகத் தவறாகப் பயன்படும் இடம் இதுதான்.

தேவகோட்டை பக்கத்தில் கண்டதேவி. ஆனித் திருவிழாவில் உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இறகுசேரி என்ற நான்கு நாட்டாரும் (‘நாடு’ என்றால் இங்கே ஊர்களின் தொகுதி) கூடும் தேர். பட்டியல் சாதி மக்கள் ‘நாங்களும் வடம் பிடிக்கிறோம்’ என்று கேட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. தேர் பல ஆண்டுகள் ஓடாமலே நின்றது. 2024 ஜூனில்தான் பலத்த போலீஸ் காவலோடு மறுபடி ஓடியது. அந்த ஆண்டுகளில் நான் காதால் கேட்ட பேச்சு: ‘நல்லாயிருந்த ஊரைப் பிளந்துட்டாங்க.’

கேட்டவர்கள் என்ன கேட்டார்கள்? தனித் தேர் கேட்கவில்லை. அதே தேர், அதே வடம், பக்கத்தில் நின்று இழுக்க ஓர் இடம் கேட்டார்கள். சேர வருகிறவரைப் பிளக்க வந்தவர் என்று சொன்னால், அந்தச் சொல்லைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம். கட்டையில் வெடிப்பு இருக்கிறது என்று சொல்கிறவரும் ஆப்பு அடிக்கிறவரும் ஒருவரல்லர். வகுப்பில் இந்த வேறுபாட்டை நான் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

எழுதும்போது எப்படி எழுதுவது?

தானாக நடந்தால் ‘பிளவுபட்டது’, ஒருவர் செய்தால் ‘பிளவுபடுத்தினார்’. ‘பிளவுவாதப் பேச்சு’, ‘பிளவுவாதக் கருத்து’ என்று ஒற்று மிகும். கூட்டணியில் சிறு மனக்கசப்பு என்றால் ‘விரிசல்’ போதும். செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சில் மயிரிழை ஓடினால் கொத்தனார் பதறுவதில்லை, பூச்சில் விரிசல் என்பார். செங்கல் வரை போனால்தான் அவர் முகம் மாறும்.

எங்கள் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி தினமும் வெறுப்பு வீடியோ போடுகிறான். ‘பிளவுவாதி’ என்று எழுதிக் குழுவிலிருந்து நீக்கிவிடலாமா?

அந்த வீடியோவில் இருப்பது பொய் என்றால் பொய் என்று அங்கேயே எழுதுங்கள். வெறுப்பு என்றால் வெறுப்பு என்றே எழுதுங்கள். அவனுக்கு அந்தப் பெயரை வைக்குமுன் ஒரு நாள் பொறுங்கள்.

நான் பொறுக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் பங்காளித் தம்பி ஒருவனை எல்லோர் முன்னாலும் அந்தச் சொல்லால் எழுதினேன். அவன் பகிர்ந்தது தவறான செய்திதான், அதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நான் எழுதியது செய்தியைப் பற்றி இல்லை, அவனைப் பற்றி. குழுவை விட்டுப் போனான். அந்த ஆண்டுப் படைப்புக்கு வரவில்லை. பந்தியில் அவன் பிள்ளைகள் உட்காரும் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த படைப்புக்கு முன்னால் நானே போன் செய்தேன். ‘சென்னையிலிருந்து எந்த ரயிலில் வர்றே, ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்பட்டுமா’ என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு ‘பல்லவன்ல வர்றேண்ணே’ என்றான். படைப்பு முடிந்து இலை எடுத்த பிறகு, முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து இரவு பதினோரு மணி வரை அதே செய்தியைப் பற்றிச் சண்டை போட்டோம்.